பூச்சு காயாத ஆடி

என் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், எழுந்துபோய் உங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரை விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நீங்கள் பாக்கியசாலி. காலிப் பெட்டியைத் தட்டினாற்போலப் பொத்து பொத்து என்று வந்தால், உள்ளே பூச்சு செங்கலை விட்டுக் கழன்று சும்மா நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். போன மாதம் என் வாடகை வீட்டில் எனக்குக் கேட்டது இரண்டாவது சத்தம். வீட்டுக்காரர் "நீங்களே பார்த்துக்கோங்க" என்று போனை வைத்துவிட்டார். நமக்கு இது போதாதா? நாலு வீடியோ பார்த்துவிட்டு எதிலும் இறங்கிவிடுகிற கூட்டம்தானே நாம். சிமெண்ட், மணல், ஒரு கரண்டி, ஒரு பழைய வாளி. இறங்கினேன்.

ஈரச் சிமெண்டின் வாசனையைப் பற்றி எந்த வீடியோவும் எச்சரிக்கவில்லை. வாளியில் தண்ணீர் ஊற்றிக் கிளறியவள் நேரே தென்காசியில், ஆறாம் வகுப்புப் படித்த வருஷத்துச் சாரலில் போய் இறங்கினேன்.

சாரலை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். மழை என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். மழை மேலிருந்து கீழே விழும். சாரல் பக்கவாட்டில் வரும், மலையிலிருந்து வரும், வெயில் அடிக்கும்போதே வரும். குடையை மதிக்காமல் இடுப்புக்குக் கீழே நனைத்துவிட்டுப் போகும். ஆனியில் தொடங்கினால் ஆவணி வரை வீட்டில் எதுவும் முழுசாகக் காயாது. ஜாடியில் உப்பு கரைந்து நிற்கும். தீப்பெட்டியை அம்மா இடுப்பில் செருகிச் சூடாக்கித்தான் உரசுவாள். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே துணிபோல மடங்கும். பள்ளிக்கூடப் பாவாடையை ஆவி பறக்கத் தேய்த்து, அந்தச் சூட்டோடு போட்டுக்கொண்டு ஓடுவேன். சூடு தெருமுனை வரைக்கும்தான்.

அப்பா போலீஸ்காரர். வாசுதேவநல்லூரில் ஏட்டு. சீசன் வந்தால் ஐந்தருவியில் பந்தோபஸ்து போட்டுவிடுவார்கள். நாளெல்லாம் விசில் ஊதிவிட்டு, பூட்ஸுக்குள் தண்ணீர் சளசளக்க வீட்டுக்கு வருவார்.

அவருக்கு ஒரே அக்கா, என் அத்தை. எங்கள் தெருக் கடைசியில் அவள் வீடு. அவர்களுடைய அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டதால், அப்பாவைக் குளிப்பாட்டித் தலைசீவி இடுப்பில் தூக்கி வளர்த்தது அத்தைதான். ஊரே ஏட்டையா என்று எழுந்து நிற்கும். அத்தை மட்டும் நடுத்தெருவில் "ஏலே, இங்கன வா" என்பாள். அப்பாவும் போவார்.

அந்தப் பங்குனியில் இது அறுந்தது. அப்பா வெளியூர் டூட்டியில் இருந்த நேரம், செங்கோட்டையிலிருந்து அத்தை மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போய், பூ வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அத்தையும் சரி என்றுவிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்ணை மணவறைக்குக் கைபிடித்து அழைத்து வருவது தாய்மாமன். அவனைக் கேட்காமல் பேசி முடித்தால், அவனை ஒரு ஆளாகவே எண்ணவில்லை என்று பொருள். ஊர் திரும்பிய அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலேயே செய்தி கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் அத்தை வெற்றிலையும் பழமும் வைத்த பித்தளைத் தாம்பாளத்தோடு வாசல் படியில் வந்து நின்றாள்.

"ஏலே, நீ இல்லாத நேரமாப் போச்சு. அவங்க விடவே மாட்டேன்னுட்டாங்க..."

"டீ ஆத்துதவன் சொல்லி நான் தெரிஞ்சுக்கணும், என்னா?" அப்பாவின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "நீயே பேசி முடிச்ச, நீயே கட்டிக் குடு. மாமன்னு எவனையாச்சும் வாடகைக்குப் பிடிச்சுக்கோ."

சொல்லிவிட்டுக் கதவை அறைந்தார். வேங்கை மரக் கதவு. வீடே ஒருமுறை அதிர்ந்தது. வெளியே தாம்பாளம் படியில் விழுந்து சுற்றிச் சுற்றி, சத்தம் சின்னதாகிச் சின்னதாகி நின்றது. அதுவரை வீட்டுக்குள் யாரும் நகரவில்லை. கதவைத் தாங்கும் மரச்சட்டத்தை நாங்கள் நிலை என்போம். அந்த நிலையின் மேல்மூலையில் தலைமுடி போல ஒரு விரிசல் ஓடியிருந்ததை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

அத்தை வீட்டுக்குப் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவாயிற்று. அந்த வீட்டில் முறுக்கு டின் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அத்தை மகள் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டுக்கொண்டே சினிமாக் கதை சொல்லுவாள். இடைவேளை வரைக்கும் ஒரு பின்னல், அதற்குப் பிறகு இன்னொன்று. இனி அம்மா அவசரத்தில் இழுத்துப் போடுகிற ஒற்றைச் சடைதான். கல்யாணத்தை ஆவணிக்கு வைத்திருந்தார்கள். அத்தையோ, தம்பி வராவிட்டால் மாமன் இடத்தில் வேறு யாரையும் நிறுத்தமாட்டேன், என் மகள் தனியாகவே நடந்து மணவறைக்கு வரட்டும் என்று சொல்லியிருந்தாள். ஊர் முன்னால் ஒரு பெண் அப்படி நடந்து வருவதை நினைத்து அம்மாவுக்கு அடிக்கடி புரையேறும்.

சாரல் தொடங்கியதும் விரிசல் தண்ணீர் குடித்தது. ஒருநாள் காலையில் அப்பா குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கழன்று அவர் தொப்பி மேலேயே விழுந்தது. தட்டிப் பார்த்தால் நிலையைச் சுற்றி அத்தனையும் பொக்கை. கதவை அடைக்கும்போதெல்லாம் மணல் உதிர்ந்தது.

கொத்தனார் கிடைக்கவில்லை. சீசனுக்காக எல்லாரையும் குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் நிலையில் கைவைக்கக் கூடாது; அந்த விஷயத்தில் அப்பா போலீஸ்காரராக நடந்துகொள்ளமாட்டார், பயந்தவராகத்தான் நடந்துகொள்வார். ஆகவே ஆனியின் கடைசி ஞாயிறன்று வடகரையிலிருந்து என் மாமாவை வரவழைத்தார். மாமா அம்மாவின் தம்பி. தென்னந்தோப்பு வைத்திருந்தார். சுவர் வேலைக்கு ஒரு சாக்குத் தேங்காய் நாரோடு வந்து இறங்கினார்.

"அத்தான், நிலைக்கும் சுவத்துக்கும் நடுவுல நாரைத் திணிச்சு, அதுக்கு மேல பூசுங்க. யானை முட்டுனாலும் அசையாது."

"மாப்ளே, உங்க ஊர்ல தேங்கா சேராத வேலையே கிடையாதா?"

"எங்க மாட்டுக் கொட்டகை அப்படித்தான நிக்குது?"

"அங்கன மாடுதான்டா இருக்கு" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "அது என்ன வாயத் தொறந்து குறையா சொல்லப் போகுது?"

திணித்தார்கள். பூசினார்கள். இரண்டு பேரும் தள்ளி நின்று ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் பார்த்தார்கள். விடிந்ததும் பார்த்தால் நார் ஈரத்தில் ஊதி, சுவர் கன்னத்தில் வெற்றிலை அதக்கினாற்போல உப்பி நின்றது. அப்பா முகத்தில் பாதி சோப்போடு நின்றபோது அது மொத்தமாகக் கீழே வந்தது. மாமா அப்போதும் விடவில்லை. "நாரு நல்லாத்தான் பிடிச்சிருக்கு அத்தான். சிமெண்டுதான் சரியில்ல."

இரண்டாவது தடவை அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தட்டித் தட்டி, பொக்கைச் சத்தம் கேட்ட இடம் அத்தனையும் கொத்தி எடுக்கச் சொன்னாள். செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. நிலையைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டை ஆட்டம் கண்டு, பால்பல்லைப்போல நெளிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சல்லியும் சிமெண்டும் இறுக்கி அடைத்தார்கள். செங்கலைக் குளிப்பாட்டினார்கள். மரமும் சுவரும் சேருகிற இடத்தில் பூச்சு மறுபடி விரியாமலிருக்கக் கம்பி வலை வேண்டும் என்று யாரோ சொல்ல, மாமா பஸ் பிடித்துப் போய்த் தன் வீட்டுக் கோழிக்கூண்டிலிருந்தே வெட்டிக்கொண்டு வந்தார். அந்த வாரம் வடகரையில் கோழிகள் சமையலறையில் தூங்கியதாகக் கேள்வி.

அப்பா பூசிய பூச்சு ஐந்தருவிப் பாறைபோல மேடும் பள்ளமுமாக இருந்தது. ஆனால் நின்றது. ஆடி பிறக்க இன்னும் ஒரு ராத்திரி இருந்தது.

அப்போதுதான் அம்மா சட்டம் போட்டாள். பூச்சு காயும்வரை கதவைத் தொடக் கூடாது. அசைத்தால் நிலை அதிரும், நிலை அதிர்ந்தால் பூச்சு விட்டுவிடும். கதவை உள்பக்கமாக முழுக்கத் திறந்து, ஜன்னல் கம்பியோடு கொச்சக்கயிற்றால் கட்டிவிட்டாள். பிறகு ஆணியால் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டின்னில் தண்ணீர் மொண்டு, காலையும் மாலையும் சுவருக்குப் பூவாளிபோலத் தெளித்தாள். சிமெண்டுக்குத் தண்ணி காட்டுவது என்று பெயர். கொஞ்ச நாளைக்கு ஈரம் விடாமல் பார்த்துக்கொண்டால்தான் பூச்சுக்குப் பலம் வரும். அந்த டின்னின் மூடியில் ரோஜாப்பூ வைத்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கும். இப்போது எங்கே போயிற்றோ.

வாசல் கதவே அடைபடாத வீடு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருவிழா வீடு மாதிரி ஆகிவிட்டது. சாரல் நேராக உள்ளே வந்து காலண்டரை நனைத்தது. ஒரு ஆடு வந்து நடுவீட்டில் நின்று டிவி பார்த்தது. குற்றாலத்துக்கு வழி கேட்டு வந்த ஒரு வேன் கூட்டம் தண்ணீர் குடித்துவிட்டு, பாட்டிலும் நிரப்பிக்கொண்டு போனது. ராத்திரியில் அப்பா வாசலை மறித்துக் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டார். "போலீஸ்காரன் வாசல்ல படுத்திருக்கான். எவன் வாரான்னு பாப்போம்." காலையில் போர்வை ஈரமாயிருக்கும், தும்முவார்.

"காஞ்சிருக்கும் விடு" என்பார் அம்மாவிடம்.

"சாரல்ல எங்கன காயும்? தொட்டுப் பாருங்க, ஈரமா இருக்கு."

அவளே அப்போதுதான் தண்ணீர் தெளித்திருப்பாள். ஈரமாக இல்லாமல் என்ன செய்யும்? ஆடி பாதி தாண்டியும் டின் ஓயவில்லை. "உங்க அம்மைக்குச் சுவத்து மேல கிறுக்கு பிடிச்சிட்டு" என்று அப்பா என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். போன மாதம் என் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. எல்லா வீடியோவும் ஒரு வாரம் போதும் என்கின்றன. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"தண்ணி காட்டக் காட்டத்தான்ட்டி பலம். உனக்கு என்ன தெரியும்?" என்றாள் முதலில். நான் விடாமல் கேட்டதும் குரல் கொஞ்சம் இறங்கியது. "அடைச்ச கதவு முன்னாடி ஒருத்தி எத்தன தடவ வந்து நிப்பா? தொறந்து கிடந்தா, கண்ணாவது படும்லா?"

கண் பட்டது. ஆடி வெள்ளிகளில் அத்தை அம்மன் கோயிலுக்குப் போக எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். கதவு அடைத்திருந்த நாட்களில் தாண்டிப் போவது இரண்டு பேருக்கும் சுலபம். இப்போது அப்பா நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருப்பார். தெருவிலிருந்து பார்த்தால் சட்டம் போட்ட படம் மாதிரித் தெரிவார். முதல் வெள்ளி அத்தை முகத்தை எதிர்வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

அடுத்த வெள்ளி அத்தையின் நடை எங்கள் வாசலில் கொஞ்சம் மெதுவானது. படியில் உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டாள். "ஏட்டி, இது யாரு பூசுன சுவரு? அம்மி கொத்துன மாதிரில்லா இருக்கு."

உள்ளேயிருந்து அப்பா: "ரோட்ல போறவங்களுக்கு எங்க வீட்டுச் சுவத்துல என்ன வேலைன்னு கேளுட்டி."

நான் அத்தையிடம், "உங்களுக்கு எங்க வீட்டுச் சுவத்துல என்ன வேலைன்னு கேக்காங்க" என்றேன். இரண்டு பேருக்கும் நடுவே நாலு எட்டு தூரம்கூட இருக்காது.

"ஊரே சிரிக்குதுன்னு சொல்லு. கண்ணு இருக்கவ பாக்கத்தான செய்வா."

"ஊரே சிரிக்குதாம்ப்பா."

"எனக்குக் கேட்டுச்சு!" என்றார் அப்பா.

அதற்கடுத்த தடவை விடியற்காலையில் போனாள் போலிருக்கிறது. கட்டிலில் முடங்கிக் கிடந்த அப்பாவை எட்ட நின்று பார்த்துவிட்டு, வாசல் தெளிக்க வந்த அம்மாவிடம் குசுகுசுத்ததை நான் பாயில் படுத்தபடி கேட்டேன். "சின்னதுலயே அவனுக்கு நெஞ்சுச்சளி. சுக்கு தட்டிப் போட்டுக் குடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

"நீங்களே உள்ள வந்து குடுங்களேன் மயினி."

"என் மூஞ்சில அடைச்சவன் கூப்பிடட்டும்."

இங்கே வந்து நின்றுவிட்டது. அவள் அழைக்காமல் வரமாட்டாள். இவர் அழைக்கமாட்டார். ஆடி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க மாமாவோடு நான் ஐந்தருவிக்குப் போனேன். வழியெல்லாம் ரம்புட்டான், மங்குஸ்தான் குவியல். எண்ணெய் மசாஜ் வாசனை. மிளகாய் பஜ்ஜிப் புகை. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூட வாயசைவாகத்தான் தெரியும். அப்பா மழைக்கோட்டோடு நின்று பெண்கள் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வரிசையில் அத்தை மகள், சிநேகிதிகளோடு. அப்பாவைப் பார்த்ததும் கயிற்றைத் தாண்டி நேரே அவர் முன்னால் வந்து நின்றுவிட்டாள். ஈரத்தில் உதடு வெளுத்திருந்தது.

"மாமா, ஆவணியில வருவியளா?"

அப்பா விசிலை ஊதினார். கையை வீசி, வரிசைக்குப் போ என்று காட்டினார். அவள் இன்னும் சத்தமாகக் கேட்டாள். அவர் இன்னும் சத்தமாக ஊதினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாள். சிநேகிதிகள் கூப்பிட்டும் குளிக்கவில்லை.

மாமா அப்பாவுக்குச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டே என் தலையைத் தடவினார். "அத்தான், நாளைக்கு இவளுக்கு ஒரு காரியம்னா, நான் கோவிச்சிட்டு வடகரையிலயே இருந்துட்டா நீங்க சும்மா விடுவியளா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கிளம்பும்போது என்னிடம் மட்டும் கேட்டார். "அவ என்னட்டி கேட்டா? எனக்குச் சரியாக் கேக்கல."

"ஆவணியில வருவியளான்னு."

"ம்" என்று சொல்லி, சாப்பாட்டுத் தூக்கை மூடாமலே என் கையில் கொடுத்தார்.

கடைசி ஆடி வெள்ளி. அன்றைக்குக் காற்று ஒரு மாதிரியாக இருந்தது. மலைப்பக்கமிருந்து, எங்கள் கொல்லையிலிருந்து வாசலைப் பார்த்து அடிக்கிற காற்று. தென்னை மட்டைகள் பறந்து விழுந்தன. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். நான் படியில் இருந்தேன். அத்தை ஒரு கையில் மாவிளக்குத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். இன்னொரு கையால் விளக்குச் சுடரை மறைத்திருந்தாள்.

அம்மா ஏதோ வேலையாகக் கொல்லைக் கதவைத் திறந்தாள். வீட்டுக்குள் புகுந்த காற்றில் காலண்டர் பறந்தது. ஒரு மாதச் சாரலில் ஊறி இற்றுப்போயிருந்த கயிறு பட்டென்று அறுந்தது. அந்தக் கனத்த வேங்கைக் கதவு, கட்டவிழ்த்த மாடுபோல நிலையைப் பார்த்து வந்தது.

"சுவரு!" என்று கத்தினேன்.

அப்பா ஒரு காலில் பூட்ஸோடு எழுந்திருப்பதற்குள் அத்தை படியேறிவிட்டாள். சுடரை மறைத்திருந்த கையை அப்படியே நீட்டி, நிலைக்கும் கதவுக்கும் நடுவே கொடுத்து, கதவின் விளிம்பைப் பிடித்துவிட்டாள். விளக்கு அணைந்தது. நிலை அதிரவில்லை. மேலே ஒரு மணல்கூட உதிரவில்லை. காற்று கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அத்தையின் விரல்கள் வெளுத்துத் தெரிந்தன.

அப்பா நொண்டியபடி ஓடி வந்தார்.

"கைய எடுக்கா. நசுங்கிரப் போகுது."

பங்குனிக்குப் பிறகு அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எடுத்தா நீ அடைச்சிருவ" என்றாள் அத்தை.

"அடைக்க மாட்டேன்."

"அன்னைக்கு அடைச்சியே லே. எம் மூஞ்சிக்கு நேர அடைச்சியே."

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தான் பூசிய மேடுபள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏட்டையா என்று ஊர் எழுந்து நிற்கிற மனிதருக்கு மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது.

"அன்னைக்கு அடைச்சதுலதான்க்கா சுவரே விட்டுப்போச்சு" என்றார். பிறகு, "உள்ள வா. பைய வா. பூச்சு இன்னும் காயல, சேலையில ஒட்டிரும்."

கொல்லைப்பக்கமிருந்து ஓடிவந்த அம்மா பிஸ்கட் டின்னும் கையுமாக நடுவீட்டில் நின்றாள்.

அத்தை நகரவில்லை. "நான் உள்ள வாரதுக்கு வரல. ஆவணியில எம் மவள யாரு கைபிடிச்சுக் கூட்டிட்டு வரப்போறான்னு கேக்கத்தான் நிக்கேன். சொல்லு, போறேன்."

"நான் உயிரோட இருக்கும்போது வேற எவன் வருவான்?" அருவிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரலில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் அப்பா. "எவன் வருவான்னு கேக்கேன்!"

அத்தை அணைந்த மாவிளக்கை என்னிடம் நீட்டினாள்.

"அப்போ நீ கதவப் பிடி" என்றாள். அப்பா இரண்டு கையாலும் பிடித்த பிறகுதான் அவள் தன் விரல்களை எடுத்தாள்.